மாமன் பதில் சொல்லும்வரை: டெக்ஸாஸில் ஒரு காஸிப் பாட்டு

டெக்ஸாஸுக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஈஸ்ட் பிரன்ஸ்விக் நண்பர்கள் அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "வீடு பாக்கவா?" நியூஜெர்சியில் சொத்து வரி கட்டி நொந்துபோனவன் டெக்ஸாஸ் பக்கம் தலைகாட்டினால் வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. நான் போனது ஒரு பாட்டுக்காக. போன டிசம்பரில் மேகாலயத்து மலைக்கிராமம் ஒன்றில் பாதியில் நின்றுபோன பாட்டு அது. மீதியை இந்த ஏப்ரலில், ஆஸ்டினுக்கு மேற்கே ஒரு மாட்டுப் பண்ணையில் பாடி முடிப்பதாக ஏற்பாடு. சிரிக்காதீர்கள், முழுசாகப் படியுங்கள்.

என் ஒரே தங்கை செல்வி ஆஸ்டின் பக்கத்தில் ரவுண்ட் ராக்கில் இருக்கிறாள். அவள் கணவர் பன்ஷான் காஸி இனத்தவர். (வாரணாசிக் காசி இல்லை. ஷில்லாங்கைச் சுற்றியுள்ள மலைகளின் மக்கள் காஸிகள்.) இரண்டு பேரும் வேலூரில் நர்சிங் படித்தபோது பழகி, கல்யாணம் செய்து, இப்போது ஒரே ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாற்றி மாற்றி வேலை பார்க்கிறார்கள். பன்ஷான் பேசுவது சுத்தமான வேலூர்த் தமிழ். என்னை "மச்சான்" என்பார், நான் "மாப்ள" என்பேன். மகள் மெரிஷாவுக்குப் பதினாறு வயது. டெக்ஸாஸிலேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ஜாதி. நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, அதேதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காஸிகளுக்குக் குலம் தாய் வழியில் வரும். அம்மாவின் குலப்பெயர்தான் பிள்ளைக்கு. வீடு கடைக்குட்டி மகளுக்கு. குலத்துக்காகப் பேசுகிற உரிமை அம்மாவின் சகோதரனுக்கு. அவரை அவர்கள் "க்னி" என்கிறார்கள். அப்பா காஸி, அம்மா திருக்கோவிலூர் என்றால் பிள்ளைக்கு எந்தக் குலம்? எதுவும் கிடையாது. மெரிஷா அப்படித்தான் இருந்தாள்.

அதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் டெக்ஸாஸ் காஸிக் குடும்பங்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் கூடும்போது, கடைசியில் ஒவ்வொரு குலத்தின் பெயரையும் பாட்டில் கூப்பிடுவார்களாம். கூப்பிட்ட குலத்துக்காரர்கள் எழுந்து நின்று பதில் குரல் கொடுக்க வேண்டும். இது அவர்கள் இங்கே வந்தபின் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். அந்தப் பாட்டுக்குத் துய்தாரா வாசிப்பவள் மெரிஷா. துய்தாரா என்பது தோல் போர்த்திய, நாலு தந்தி வைத்த ஒரு மரவாத்தியம். "எல்லாப் பேருக்கும் இவதான் வாசிக்கிறா அண்ணா. எல்லாரும் எந்திரிக்கிறாங்க. இவ பேரு மட்டும் வரவே வராது. முடிஞ்சதும் துய்தாராவ உறையில போட்டுக்கிட்டு எங்கிட்ட வந்து, 'மாம், கேன் வீ கோ'ன்னு கேப்பா" என்று ஒருநாள் செல்வி போனில் சொன்னாள்.

இதற்கு அவர்களிடமே ஒரு வழி இருக்கிறது. வேற்று இனத்துப் பெண் காஸி ஆணை மணந்து பிள்ளை பெற்றால், அந்தப் பெண்ணையே முதல் தாயாக வைத்துப் புதுக் குலம் ஒன்றைத் தொடங்கிவிடலாம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் வேற்று ஜாதி மருமகள் வந்தால் அவளுக்குச் சமையலறையில் இடம் கொடுக்கவே பத்து வருஷம் யோசிக்கிறார்கள். இங்கே வந்தவளை ஒரு வம்சத்துக்கே ஆதித்தாய் ஆக்கிவிடுகிறார்கள்! போன டிசம்பரில் பன்ஷானின் ஊரில் அந்தச் சடங்கு நடந்தது. அப்படிப்பட்ட குலங்களின் பெயர் பெரும்பாலும் "கார்" என்று தொடங்குமாம், அதனால் புதுக் குலத்துக்கு "கார்செல்வி" என்று பெயர் வைத்தார்கள். விறகுக் கட்டையால் கொசு அடிக்கிற எங்கள் வீட்டுச் செல்வி பெயரில் மேகாலயத்தில் ஒரு குலம்.

சடங்கு முடிந்து பாட்டு வந்தது. பாடகர்கள் பாட்டிலேயே கேட்டார்கள்: "இந்தப் பெண்ணின் தாய் எந்த ஆற்றங்கரையிலிருந்து வந்தவள்? அவளுடைய க்னி எங்கே?" க்னி நான்தான். நான் இங்கே விசா ஸ்டாம்பிங் தேதி கிடைக்காமல், ஊருக்குப் போனால் திரும்பி வர முடியுமோ முடியாதோ என்று எடிசனில் வக்கீலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல ஆள் இல்லாததால் பாட்டை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். பன்ஷானின் குடும்பத்துப் பெரியவர், "தாய்மாமன் வரும்போது விட்ட இடத்திலிருந்து பாடுங்கள், அதுவரை பெயர் இருக்கும், பாட்டில் அழைப்பு இருக்காது" என்று சொல்லிவிட்டார். இந்த முறை ஊருக்கு ஊர் மாறும் என்கிறார்கள், செல்வி சொல்லி நான் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நூவர்க்கிலிருந்து ஆஸ்டினுக்கு நேர் விமானம். நாலு மணி நேரம். இரண்டு மாதம் முன்பே போட்டதால் போகவர 286 டாலர். மனைவி கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்: "தாய்மாமன் கைய வீசிட்டுப் போவானா? அசிங்கம்!" அதனால் எங்கள் பக்கத்து இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய பட்டுப்பாவாடைத் துணி, வளையல், மஞ்சள், குங்குமம், வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு முழுத் தேங்காய் எல்லாம் கைப்பையில். செக்யூரிட்டியில் தேங்காய் மாட்டிக்கொண்டது. அந்த ஆபீசர் அதைக் காதருகில் வைத்து ஆட்டி ஆட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் சலசலக்கிறது. விமானத்தில் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது. மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவரும் உருட்டிப் பார்த்தார். "இது எதற்கு?" என்றார். "என் தங்கை மகளுக்கு" என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, போய்த் தொலை என்று விட்டுவிட்டார்கள்.

ஆஸ்டின் விமான நிலையத்திலிருந்து ரவுண்ட் ராக் சுமார் முப்பது மைல். டோல் ரோட்டில் வந்தால் முப்பத்தைந்து நிமிஷம். வாடகைக் கார் எடுக்கத் தேவையிருக்கவில்லை, பன்ஷான் வந்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்தால் சாம்பார் வாசனையும் கறுப்பு எள் அரைத்துப் போட்ட பன்றிக்கறி வாசனையும் ஒன்றாக வந்தன. சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப், அதில் ஷில்லாங்கில் ஒருவர் விடிகாலையில் குளிருக்குப் போர்த்திக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். இங்கே ஹெட்போனோடு மெரிஷா. வாரம் ஒருமுறை இப்படி அழைத்து, பழைய பாட்டுகளைப் பன்ஷான் பதிவுசெய்து வைக்கிறார். ஆஸ்பத்திரி வேலை, வீட்டுக் கடன், இதற்கு நடுவில் இது.

"எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணிட்டா பாட்டு பொழச்சுக்கும்ல மாப்ள?" என்று கேட்டேன்.

"மத்த பாட்டு பொழச்சுக்கும் மச்சான். ஃபவார் பொழைக்காது. ஃபவார்ல நேத்து பாடுனத இன்னைக்குப் பாடக் கூடாது. கேள்விக்கு அங்கியே நின்னு பதில் கட்டணும். அத எப்பிடி ரெக்கார்டு பண்றது, சொல்லுங்கோ?"

ஃபவார் என்றால் இரண்டிரண்டு வரியாகக் கட்டிப் பாடுவது. அவர்கள் ஊர் வில்வித்தைப் போட்டிகளில் எதிரணியைக் கேலிசெய்ய இதுதான் ஆயுதம். நம் எசப்பாட்டுக்குப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை, பதில் கட்ட வேண்டியவன் நான்தான் என்று.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினோம். ட்ரிப்பிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு அப்பால் ஒரு பண்ணை, வீட்டிலிருந்து ஐம்பத்திரண்டு மைல். ஒரு காஸிப் பெண்ணின் கணவர் டெக்ஸாஸ்காரர், அவருடைய குடும்ப நிலம். "எங்க ஊர்ல தூரத்த பாக்குல சொல்லுவாங்கோ மச்சான். ஒரு பாக்கு மென்னு முடிக்கிற வரைக்கும் நடந்தா ஒரு பாக்குத் தூரம். இது கார்ல ரெண்டு பாக்கு" என்றார் பன்ஷான். வழியெல்லாம் சாலையின் இரண்டு பக்கமும் நீலப் பூக்கள். டெக்ஸாஸின் புளூபானட். புகைப்படத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்தபோது வாய் அடைத்துப்போனது. ஒரு பெரிய பெட்ரோல் பங்க் கடையில் நிறுத்திக் காபி குடித்தோம். டெக்ஸாஸ்காரர்கள் அந்தக் கடைக்குக் குடும்பத்தோடு புண்ணிய யாத்திரை வருகிறார்கள், கழிப்பறை நம் வரவேற்பறையைவிடச் சுத்தம்.

திரும்பக் காரில் ஏறியதும் செல்வி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாத."

"என்னடி?"

"இன்னைக்கு நீ பாடணும்."

"யாரு, நானா?"

"ரெண்டே வரிதான். அவங்க கேப்பாங்க, நீ பதில் சொல்லணும். மாமன்தான் சொல்லணும்."

"அடிப்பாவி! இத போன்ல சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ வந்திருப்பியா? ஏதாச்சும் ரிலீஸ் இருக்கு, புரொடக்ஷன் இஷ்யூன்னு சொல்லிருப்ப."

வந்திருக்க மாட்டேன்தான். என் பாட்டு என் மனைவிக்கே தெரியாது, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் முனகுவேன். பின்சீட்டில் துய்தாராவை மடியில் வைத்திருந்த மெரிஷாவைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "இட்ஸ் ஓகே மாமா. யூ டோன்ட் ஹேவ் டு" என்றாள். ரொம்ப வருஷமாக ஏமாந்து பழகிப்போன ஒருத்தியின் குரல் அது. அந்த "ஓகே" என்னை என்னவோ செய்துவிட்டது.

பண்ணையில் பெரிய பெரிய ஓக் மரங்கள், நடுவில் சமதரை. அறுபது எழுபது பேர் இருக்கலாம். டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்று பல ஊர்க் கார்கள். வெறுங்காலில் ஆடுவதால் தரையில் நெருஞ்சி மாதிரி முள் இருக்கக் கூடாதென்று ஒருவர் இலை ஊதும் மெஷினால் ஊதிக்கொண்டிருந்தார். எங்களை எதிர்கொண்டு வந்தவர் பா லம்போக். "பா" என்றால் அண்ணன். டாலஸில் பல் டாக்டர், இந்தக் கூட்டத்தின் முதன்மைப் பாடகர். வாய் திறந்து சிரித்தார், பல்லெல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது. வெற்றிலை பாக்கு! "நோயாளிகளுக்கு முன்னால் மாஸ்க் போட்டுக்கொள்வேன்" என்று அவரே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டார்.

வந்தவர்களுக்கு அவர்கள் முதலில் கொடுப்பது பாக்குதான். "க்வாய்" என்கிறார்கள். பச்சைப்பாக்கு, சுண்ணாம்பு தடவிய வெற்றிலை. நான் என்ன தஞ்சாவூர்க்காரனுக்குக் குறைந்தவனா என்று வாயில் போட்டு மென்றேன். இரண்டு நிமிஷத்தில் காது சுட்டது, நெற்றி வியர்த்தது, தரை லேசாக ஆடியது. நம் காய்ந்த கொட்டைப்பாக்கு வேறு, இது வேறு. பதிலுக்கு என் பையிலிருந்த பாக்கை எடுத்து நீட்டினேன். லம்போக் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது என் தொழிலுக்கு நல்லது, பல் உடையும்" என்றார்.

பதினொரு மணிக்கு நடனம் தொடங்கியது. தங்முரி என்ற குழல் முதலில் எழுந்தது. சின்ன நாதஸ்வரம்தான், ஆனால் நம் நாதஸ்வரம் மாதிரிக் குழைந்து வராது, நேராக வந்து நெஞ்சில் குத்துகிறது. பின்னாலேயே க்சிங் என்ற மத்தளம். தலையில் கிரீடம், கழுத்தில் பவளமும் பொன்னும் கோத்த கனமான மாலை, மஞ்சள் பட்டு என்று பெண்கள் நடுவில் வந்து நின்றார்கள். நின்றார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். உற்றுப் பார்த்தபின்தான் தெரிந்தது, அவர்கள் நகர்கிறார்கள். கண் தரையில், கை இரண்டும் பக்கவாட்டில், பாதம் தரையைவிட்டு எழாமல் விரல்களால் மட்டும் அணு அணுவாக நகர்கிறார்கள். அவர்களைச் சுற்றி ஆண்கள் ஒரு கையில் வாளும் ஒரு கையில் சாமரமுமாகப் பாய்ந்து சுற்றி வருகிறார்கள். நடுவில் இருப்பது வித்து, வெளியில் இருப்பது வேலி என்று பன்ஷான் காதில் சொன்னார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ பல்சுவை விழா, தமிழ்ச் சங்க மேடை, மூணு மணி நேர அரங்கேற்றம் பார்த்தவன் நான். அங்கெல்லாம் ஆடுகிறவர்கள் நம்மைப் பார்த்து ஆடுவார்கள். இங்கே ஒருவர்கூட எங்களைப் பார்க்கவில்லை. பார்வையாளர் இல்லாவிட்டாலும் இது இப்படியே நடந்திருக்கும். முந்தாநாள் ராத்திரி ஐசியூவில் நின்றவர்கள், நாளை மறுநாள் கோட் எழுதப் போகிறவர்கள், அந்த ஒரு மணி நேரம் முழுக்க வேறு யாரோவாக இருந்தார்கள். போனை எடுத்து வீடியோ பிடிக்கலாம் என்று கை போனது. அப்படியே விட்டுவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவில் நடனப் படம் இல்லை.

சாப்பாட்டுக்குப் பின் வில்வித்தை. மூங்கில் வில், வைக்கோல் இலக்கு. டாலஸ் அணிக்கும் ஹூஸ்டன் அணிக்கும் போட்டி. அம்பு தவறும்போதெல்லாம் எதிரணியிலிருந்து ஒருவர் முன்னால் வந்து இரண்டு வரி பாடுவார். வரி முடிந்ததும் கூட்டம் முழுவதும் "ஹோய் கியூ!" என்று குரல் கொடுக்கும். ஹூஸ்டன் வெள்ளம், டாலஸ் டிராபிக், ஒருவர் புதிதாக வாங்கிய பேட்டரி கார் வழியில் நின்றது, எல்லாமே அங்கேயே பாட்டாகிறது. மெரிஷா எனக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள், சிரிப்பு அடங்கவில்லை. நான் லம்போக்கிடம் ரகசியமாக விதிமுறை கேட்டேன். அவர் சொன்னது: முதல் வரி எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கலாம், கண்ணில் பட்டதைச் சொல். இரண்டாவது வரி உண்மையாக இருக்க வேண்டும். இரண்டும் ஓசையில் சேர வேண்டும். எந்த மொழி? உன் மொழி. சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? "ஹோய் கியூ வந்தால் சரி. வராவிட்டால் இல்லை. மரியாதைக்காக யாரும் ஹோய் கியூ சொல்ல மாட்டார்கள்" என்றார். அதைக் கேட்டு மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது.

நாலு மணி வாக்கில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மெரிஷா துய்தாராவோடு வட்டத்தின் ஓரத்தில். க்சிங் மெதுவாக அடித்தது. லம்போக் எழுந்து ஒவ்வொரு குலமாகக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் நாலைந்து பேர் எழுந்து நிற்க, ஹோய் கியூ என்று மரங்கள் அதிர்ந்தன. கடைசிப் பெயரும் முடிந்தது. மத்தளம் நிற்கவில்லை. லம்போக் என் பக்கம் திரும்பி, டிசம்பரில் நின்றுபோன அதே இரண்டு வரிகளை, பன்ஷானின் பதிவிலிருந்து கேட்டுப் பாடம் பண்ணியிருந்த அதே மெட்டில் பாடினார். எந்த ஆற்றங்கரை? க்னி எங்கே?

நான் எழுந்தேன். பழக்க தோஷம், "குட் ஆஃப்டர்நூன் எவ்ரிபடி" என்று ஆரம்பித்தேன். நான் செல்வியின் அண்ணன், எங்கள் ஊர் திருக்கோவிலூர், தென்பெண்ணை ஆற்றங்கரை, இங்கே வந்ததில் மிக்க மகிழ்ச்சி என்று ஆபீஸ் மீட்டிங்கில் பேசுவது மாதிரி மளமளவென்று ஒப்பித்துவிட்டு நின்றேன். எல்லாரும் அன்பாகத்தான் பார்த்தார்கள். ஒரு குரல்கூட வரவில்லை. மத்தளம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. செல்வி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். மெரிஷா தலையைக் குனிந்து தந்தியையே பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. இப்படி எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறாளோ என்று நினைத்தேன்.

லம்போக் கேள்வியைத் திரும்பப் பாடினார். முதல் வரி எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். எனக்குக் கண்ணில் பட்டது என் காலடியில் கிடந்த சீர்ப் பைதான். ஊரில் கபடி ஆட்டத்தில் கத்திய குரல் எங்கிருந்தோ வந்தது.

"தேங்காய உருட்டிப் பாத்தான் நூவர்க்கு ஆபீசர்,
தென்பெண்ண ஆத்துப் பொண்ணு எங்க வீட்டுச் செல்வி சார்!"

பன்ஷான் உரக்கக் காஸியில் மொழிபெயர்த்தார். உடனே வந்தது. ஹோய் கியூ! எழுபது பேர் ஒரே தொண்டையில். ஒரு கிழவர் தேங்காயைக் காதில் வைத்து ஆட்டுவதுபோல் நடித்துக் காட்ட, இன்னொருமுறை ஹோய் கியூ. லம்போக் கையால் "இன்னும், இன்னும்" என்றார். க்னி எங்கே என்பதற்கு எதிரில் நின்ற நானே பதில், எங்கள் பெண்ணைப் பற்றித்தான் இன்னும் சொல்லவில்லை.

"நீலப்பூவு பூத்திருக்கு நெடுக ரோட்டு மேல,
நீங்க கூப்பிட்டா எழுந்து நிப்பா எங்க பொண்ணு இனிமேல!"

இதை மொழிபெயர்க்கப் போன பன்ஷானுக்குப் பாதியில் குரல் உடைந்துவிட்டது. மீதியைச் செல்விதான் சொன்னாள், திருக்கோவிலூர் உச்சரிப்பில் காஸி. ஹோய் கியூ என்ற சத்தத்தில் பண்ணைக்கு அப்பால் நின்ற மாடுகள் திரும்பிப் பார்த்தன, நிஜமாக. லம்போக் மூச்சை இழுத்து, முதல்முறையாக அந்தப் பெயரைக் கூப்பிட்டார்.

"கார்செல்வி!"

மெரிஷா எழுந்தாள். துய்தாராவைக் கீழே வைக்க மறந்து அதோடேயே எழுந்தாள். குரல் கொடுக்க வேண்டும், அவளால் முடியவில்லை, அழுதுகொண்டே சிரித்தாள். எதிர்ப்பக்கத்தில் செல்வி எழுந்து நின்று தங்கள் குலத்துக்காக ஹோய் கியூ என்று கத்தினாள். மொத்தமே இரண்டு பேர் கொண்ட குலம். பார்த்துக்கொண்டிருந்த நான் பச்சைப் பிள்ளை மாதிரி அழுதேன், சொல்வதில் வெட்கமென்ன? பிறகு பையிலிருந்த சீரை ஒரு தட்டில் எடுத்து வைத்து மெரிஷாவின் கையில் கொடுத்தேன். அவர்கள் வழக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. ஆனாலும் தாய்மாமன் ஏதோ செய்கிறான் என்று எல்லாருக்கும் புரிந்தது, யாரும் சொல்லாமலே மத்தளம் அடித்தார்கள்.

ஞாயிறு மதிய விமானத்தில் திரும்பும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கலாச்சாரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நாமும்தான் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம், பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்கிறோம், மேடையில் ஒப்பித்ததும் கைதட்டுகிறோம். அந்தச் சின்னக் கூட்டம் தன் பாட்டை எனக்குத் திறந்துவிட்டு, என்ன சொல்கிறாய் என்று கேட்டது. நான் தமிழில் சொன்னேன், அது காஸிப் பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் ஃபவாரில் யாராவது தேங்காய் ஆபீசரை இழுக்காமல் இருக்கப் போவதில்லை. இத்தனை தாராளமான ஒரு மரபை நான் எங்கும் பார்த்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு: நீலப்பூ பார்க்க ஏப்ரலின் முதல் இரண்டு வாரம் சரியான சமயம், அதற்குமேல் வெயில் வாட்டிவிடும். ஆஸ்டினுக்கு மேற்கே பஸ்ஸெல்லாம் கிடையாது, தெரிந்தவர் கார் இல்லாவிட்டால் வாடகைக் கார் எடுத்தே ஆக வேண்டும், டோல் கட்டணத்துக்குத் தனியாக ஒரு இருபது டாலர் வைத்துக்கொள்ளுங்கள். பூவுக்குள் இறங்கிப் படம் எடுக்குமுன் பாம்பு இருக்கிறதா என்று பாருங்கள். காஸிக் குடும்பக் கூட்டம் டிக்கெட் வாங்கிப் போகும் நிகழ்ச்சி இல்லை, யாராவது கூப்பிட்டால்தான் போக முடியும். கூப்பிட்டால் மறுக்காதீர்கள். க்வாய் கொடுத்தால் பாதி வாங்குங்கள், உட்கார்ந்துகொண்டு மெல்லுங்கள். தேங்காயைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள். நீங்கள் யாருக்காவது தாய்மாமனாக இருந்தால் இரண்டு வரி தயாராக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இந்தப் பதிவை இங்கேயே முடித்திருப்பேன். புதன்கிழமை மதியம் ஆபீஸில் இருந்தபோது மெரிஷாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஃபவாரில் தன்னைப் பற்றிப் பாடியவருக்குப் பதில் பாடாமல் விடக் கூடாதாம். துய்தாரா மெல்லக் கேட்டது. பிறகு, பதினாறு வருஷமாக என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசிய பெண், தட்டுத்தடுமாறி, ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துப் பாடினாள்.

"ஏரோப்ளேன்ல போன மாமா, என்ன சாப்ட்டீங்க?
என் பேரன் பேத்தி பாடும்போது எங்க இருப்பீங்க?"

கான்ஃபரன்ஸ் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு நாலு முறை கேட்டேன். மத்தளம் இல்லை, ஆனால் கேள்வி திறந்துதான் கிடக்கிறது, பதில் நான்தான் சொல்ல வேண்டும். மூன்று நாளாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் வரி தயார், எங்கள் நியூஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையின் டிராபிக்கைப் பற்றி. இரண்டாவது வரி உண்மையாக இருக்க வேண்டுமே, அது இன்னும் வரவில்லை.